எட்டுப் பேருக்கு அப்பன்

தியாகராய நகரில், பாண்டி பஜாரின் இரைச்சல் கேட்டும் கேட்காததுமான ஒரு தெருவில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் குடும்பம். தாத்தா காலத்தில் சென்னைக்கு வந்து வியாபாரத்தில் நிலைத்தவர்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் அவர் மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் நீளமான கணக்கு நோட்டு.

"அப்பாவுக்கு எண்பது முடியுது. ஆயிரம் பிறை விழா வச்சிருக்கோம். அன்னிக்கு எங்க வம்ச வரலாற்றைப் புத்தகமாப் போட்டு வர்றவங்களுக்குக் கொடுக்கலாம்னு யோசனை. விஷயமெல்லாம் அப்பா எழுதிட்டார். நீங்க நடையை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுத்தாப் போதும்" என்றார்.

நடையை மட்டும் சரி பண்ணுவது என்பது எவ்வளவு அபாயமான காரியம் என்பது எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் காப்பி குடித்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் அதையெல்லாம் விளக்க முடியாது. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று இரவே படித்தும் முடித்துவிட்டேன். ஒன்பது தலைமுறை. மூத்தவர் வடக்கேயிருந்து வந்தார், காட்டை அழித்தார், கம்மாய்க்குக் கரை போட்டார், கோயில் எடுத்தார். அவர் மகன் இன்னார், அவர் மகன் இன்னார். அறுபதுக்கு மேல் ஆண் பெயர்கள் இருந்தன. பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. 'சம்சாரத்துடன் வந்து', 'சம்சாரம் தவறிய பின்' என்று இரண்டு இடத்தில் நிழல் ஆடுகிறது, அவ்வளவுதான். ஐந்தாம் தலைமுறையில் ஒரே ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. அந்தத் தலைமுறைக்காரர் இருபத்தைந்து வயதில் காலராவில் போய்விடுகிறார். அடுத்த வரியில் அவர் மகன் கிணறு வெட்டி, நாற்பது ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் கிணறு வெட்டிய ஆண்டில் அந்த மகனுக்கு வயது ஆறு.

இதை எழுதியவர் பொய் சொல்லுகிறவர் என்று நான் நினைக்கவில்லை. வம்சாவளி என்கிற எழுத்து வகையே அப்படி எழுதச் சொல்லும். அந்த வகையைப் புரிந்துகொள்ளாமல் அந்த நோட்டில் கை வைக்கக் கூடாது என்று, அதே கரிசல் மண்ணில் பிறந்த பெரிய வம்சாவளி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டயபுரம் சமஸ்தானத்தின் வரலாறாகிய 'வம்சமணி தீபிகை'. கவிகேசரி சாமி தீட்சிதர் எழுதியது. 1879-இல் அச்சானது. பல வருஷங்கள் கண்ணில் படாமல் கிடந்ததை இளசை மணியன் 2008-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

எட்டயபுரம் என்றால் டிசம்பர் மாதத்து மயிலாப்பூர்வாசிக்குச் சங்கீத ஞாபகம் வரும். முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-இல் அங்கேதான் காலமானார். அவருடைய கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தி 1904-இல் அங்கேயே அச்சிட்டவர் சுப்பராம தீட்சிதர். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமியுடைய மகள் வயிற்றுப் பேரன் அவர். தாத்தாவே பேரனைத் தத்து எடுத்துக்கொண்டார். தீட்சிதர் பரம்பரை என்று நாம் சொல்லுகிற பரம்பரை நடுவில் ஒரு பெண்ணின் வழியாகத் தாண்டி வந்திருக்கிறது. தத்துப் பத்திரம் அந்த இடத்தை மூடிவிட்டது. கச்சேரியில் தலையாட்டுகிறபோது நம்மில் யாருக்கும் அது நினைவு வருவதில்லை.

மயிலாப்பூரை விட்டு வெளியே போனால் அந்தப் பெயர் தலைகீழாகிவிடும். எட்டப்பன் என்றால் காட்டிக்கொடுத்தவன். பள்ளிக்கூடப் பையன் சிலேட்டுத் திருடனையும், கட்சித் தலைவர் விலகிப்போனவரையும் அப்படித்தான் வைகிறார்கள். ஒரு குடும்பத்தின் பட்டப்பெயர் ஒரு மொழி முழுவதற்கும் வசவாகிப் போனதற்குத் தமிழில் இதைப் போல் இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தப் பட்டம் வந்த கதை தெரிந்தவர்கள் குறைவு. சந்திரகிரிப் பக்கத்திலிருந்து தெற்கே வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பம் அது. முன்னோர் ஒருவர் விஜயநகரத்து ராயரைப் பார்க்கப் போகிறார். அரண்மனை வாசலில் சோமன் என்று ஒரு மல்லன். காலில் ஒரு பொற்சங்கிலியைக் கட்டி, அதன் மறு முனையை வாசலில் மாட்டியிருக்கிறான். உள்ளே போகிறவன் எவனும் அந்தச் சங்கிலியின் கீழே குனிந்து போகவேண்டும். மாட்டேன் என்றால் மோதவேண்டும். வந்தவர் குனியவில்லை. மல்லனின் தலை உருண்டது. ராயர் கோபிப்பதற்குப் பதிலாக மெச்சினார். அப்போது சோமனின் தம்பிமார் எட்டுப் பேர் வந்து, எங்களுக்குச் சோறு போட்ட அண்ணனைக் கொன்றுவிட்டீர்கள், இனி எங்களுக்கு யார் கதி என்று அழுகிறார்கள். கொன்றவரே எட்டுப் பேரையும் காப்பாற்றுகிறேன் என்று ஏற்றுக்கொள்கிறார். எட்டுப் பேருக்கு அப்பன்; எட்டப்பன்.

கதை எழுதுகிறவனாகச் சொல்லுகிறேன், இது நல்ல கதை. வீரனைப் புகழ்கிற கதைகள் தலை விழுந்தவுடன் முடிந்துவிடும். இது தலை விழுந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. செத்தவனுக்கும் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்கிற நினைப்பு அதைச் சொன்னவனுக்கு இருந்திருக்கிறது. குடும்பம் தன் பெயரை வாளிலிருந்து எடுத்துக்கொள்ளாமல் எட்டு வயிறுகளிலிருந்து எடுத்துக்கொண்டது. கதை நடந்ததா என்று எனக்குக் கவலை இல்லை. இப்படி ஒரு கதையைத் தங்கள் முதல் கதையாக வைத்துக்கொள்ள ஒரு குடும்பம் விரும்பியது என்பதே போதுமான சரித்திரம்.

இந்த முதல் கதைக்குப் பிறகு வம்சாவளி தன் வழக்கமான தடத்தில் விழுந்துவிடுகிறது. பட்டம், விருது, எல்லை, கோயில், குளம். எட்டயபுரம் மட்டும் இப்படி என்பதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் மதுரைச் சீமையை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வழக்கு. அந்தப் பாளையக்காரர்கள் பலருடைய வம்சாவளிகளைக் கர்னல் காலின் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேடிச் சேர்த்தார். 1783-இல் சென்னைக்கு வந்த அவர் பிற்பாடு இந்தியா முழுவதற்கும் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியவர்கள் காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா முதலிய நம்மவர்கள். 1821-இல் மெக்கன்சி இறந்ததும் அவர் மனைவியிடமிருந்து கம்பெனி அந்தச் சேகரத்தை ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. அதில் ஒரு பெரும் பகுதி இன்று சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

யாரிடம் சொல்லுகிறோம் என்பது கதையை மாற்றிவிடும். பாளையக்காரர் கதை சொன்னது நிலத்தை அளந்துகொண்டிருந்த அதிகாரியின் ஆளிடம். நாளைக்கு இந்த நிலம் நமக்கு நிற்குமா, வரி எவ்வளவு விதிப்பார்கள் என்பது எதிரே நிற்கிறது. அந்த நிலைமையில் எவனும் தன் பாட்டியின் கோபதாபங்களைச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டான். இன்ன ராஜா இன்ன எல்லையை எனக்குக் கொடுத்தான் என்றுதான் சொல்வான். வம்சாவளி என்பது கதை உருவத்தில் எழுதிய ஒரு மனு. மனுவில் தோல்விக்கு இடமில்லை, கடனுக்கு இடமில்லை, பட்டம் வாங்காத பெண்களுக்கும் இடமில்லை.

சீமையிலும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கென்டக்கிக் காட்டைத் திறந்தவர் என்று கொண்டாடப்படும் டேனியல் பூனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாளையக்காரரைப் போல அவரும் காட்டு எல்லையில் கோட்டை கட்டியவர். ஜான் ஃபில்சன் என்பவர் 1784-இல் ஒரு புத்தகம் போட்டு, அதில் பூனே தம் சாகசங்களைச் சொல்லுவதுபோல எழுதினார். வேட்டைக்காரர் வாயில் படித்த பண்டிதரின் பாஷை! ஃபில்சனுக்குக் கென்டக்கியில் நிலம் இருந்தது. ஆள் வந்து குடியேறினால் விலை ஏறும். மனுவுக்குப் பதில் விளம்பரம். பத்திரம் சரியில்லாமல் தம் நிலத்தையெல்லாம் இழந்துவிட்டு பூன் 1799-இல் மிசௌரிக்குக் கிளம்பிப் போனார் என்பதை அந்த விளம்பரம் எதிர்பார்த்திருக்க முடியாது.

அவர்களுக்கும் ஒரு மெக்கன்சி கிடைத்தார். லைமன் டிரேப்பர் என்பவர். பூன் இறந்து முப்பது வருஷத்துக்குப் பிறகு, 1851-இல், பூனின் கடைசி மகன் நேதனையும் அவர் மனைவி ஆலிவையும் உட்காரவைத்து நாள் கணக்கில் பேசவிட்டு எழுதிக்கொண்டார். எல்லைப்புறத்துக் கிழவர்களையும் கிழவிகளையும் வாழ்நாள் முழுவதும் இப்படித் தேடிப்போய்க் கேட்டவர் அவர். அவரிடம் யாருக்கும் வரி பயம் இல்லை. ஆகவே வேறு கதைகள் வந்தன. பூன் நெடுநாள் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது மனைவி ரெபெக்காவின் மடியில் ஒரு குழந்தை, கணக்கு ஒத்துவரவில்லை, தகப்பன் பூனின் தம்பி என்று பேச்சு. பூன் அந்தக் குழந்தையைத் தம் குழந்தை என்றே ஏற்றுக்கொண்டாராம். உண்மையோ வதந்தியோ, பலர் பலவிதமாகச் சொன்ன அந்தக் கதையும் டிரேப்பரின் காகிதங்களில் இருக்கிறது. பூனின் வரலாற்றை மட்டும் டிரேப்பர் கடைசிவரை எழுதி முடிக்கவில்லை. கேட்கத் தெரிந்தவருக்கு முடிக்கத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் உண்டு.

அந்த 1799 நமக்கும் ஒரு வருஷம். அவ்வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு பழையது. எட்டயபுரத்தார் கம்பெனிக்கு உதவினார்கள், பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கையும் பெற்றார்கள். இதை மழுப்பிப் பிரயோஜனமில்லை. ஆனால் கட்டபொம்மனைக் காட்டில் பிடித்து ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். ஜனங்களின் வாயில் அந்தப் பெயர் வசவாகவில்லை. கூத்தும் நாடகமும், பிறகு 1959-இல் வந்த சினிமாவும் எட்டப்பன் என்ற பெயரையே பிடித்துக்கொண்டன. அந்தப் பெயரில் உள்ள ஓசைதான் காரணம் என்று ஒரு நாடகக்காரர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். வசவுக்கு ஒரு டகரமாவது வேண்டுமே! இதே சமஸ்தானத்தின் படைத்தலைவர் அழகுமுத்துக்கோன். கட்டபொம்மனுக்கு நாற்பது வருஷம் முந்தி கம்பெனிப் படையை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர். அவருடைய சிலை எழும்பூரில் நிற்கிறது. பக்கத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களிடம் அவர் யாருக்காகப் படை நடத்தினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆக, குடும்பம் எழுதிய வம்சாவளியில் குற்றம் இல்லை. ஊர் எழுதிய வம்சாவளியில் குற்றத்தைத் தவிர வேறு இல்லை. எட்டு வயிறுகளின் கதை இரண்டுக்கும் நடுவில் நசுங்கிவிட்டது.

இந்த இடத்தில் பாரதி வருகிறார். எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்து, அந்த ஊர்ச் சபையிலேயே பாரதி என்ற பட்டத்தைச் சிறு பிள்ளையாக வாங்கியவர். புதுச்சேரியில் இருந்தபோது 'சின்னச் சங்கரன் கதை' என்று ஒன்று எழுதத் தொடங்கினார். அதில் கவுண்டனூர் என்று ஒரு ஜமீன். அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஜமீன்தாரின் சாப்பாடு, அரட்டை, சிலேடைப் புலவர்கள் என்று ஒன்றையும் விடாமல் வெளுத்து வாங்குகிறார். தமிழில் வம்சாவளிக்கு எதிர்ப்பாட்டு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லலாம். அது முடியாமல் நின்றுபோனது தமிழ்ப் புனைகதைக்கு நஷ்டம்.

அதே பாரதி 1919-இல், கடையத்தில் பணமுடையோடு இருந்த நாளில், எட்டயபுரம் ராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். 'வம்சமணி தீபிகை'யின் தமிழ் பிழை மலிந்த தமிழ், அதை நல்ல நடையில் நான் திருத்தி எழுதித் தருகிறேன் என்று. அந்த வேலை நடக்கவில்லை. இரண்டு வருஷத்தில், 1921-இல், திருவல்லிக்கேணியில் பாரதி போய்விட்டார்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். மகாகவிக்கு இந்த நிலைமையா என்று சிலர் கண்ணீர் விடுவார்கள். ராஜாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. அந்த வேலை கிடைத்திருந்தால் பாரதி அதை எப்படிச் செய்திருப்பார்? சோமன் கதையை அவர் கை பட்டால் அது எங்கேயோ போயிருக்கும், சந்தேகமில்லை. 1799-க்கு வந்தவுடன் என்ன எழுதுவார்? நடையை மட்டும் திருத்திக்கொண்டு தாண்டிப்போக அவரால் முடியுமா? பாஞ்சாலி சபதம் பாடிய கை, சபையில் பெரியவர்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்ததைச் சும்மா விடாத கை, அந்தப் பக்கத்தில் என்ன செய்யும்? நடை வேறு, விஷயம் வேறு என்று சொல்லிக்கொண்டு அவர் கடிதம் எழுதியிருக்கலாம். பேனாவைப் பிடித்த பிறகு அவருக்கு அது பொய்யாகப் போயிருக்கும். சாமி தீட்சிதரின் தமிழைப் பற்றி எனக்கு பாரதி அளவுக்குக் கோபமும் இல்லை. கச்சேரிக் கணக்குப்பிள்ளையும் புராணிகரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவதுபோன்ற அந்தத் தமிழுக்கு அந்த விஷயம் பொருந்தித்தான் இருக்கிறது. அதை மெருகேற்றினால் ஓட்டைகள் மறைந்துபோகும். ஓட்டைகள் வழியாகத்தான் எனக்கு எதுவுமே தெரிகிறது.

அதே கரிசலில், எட்டயபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத இடைசெவலில், இந்த வேலையை வேறு வாசல் வழியாக ஒருவர் செய்தார். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே ஓடிவந்து காட்டை எரித்து ஊர் உண்டாக்கிய ஒரு கூட்டத்தின் கதை. பாளையக்காரர்களின் வம்சாவளியில் வருகிற அதே வடக்கு, அதே காடு, அதே குளம்தான். ஆனால் ஓடிவந்ததற்குக் காரணம் சென்னாதேவி என்ற ஒரு பெண்; கதையைச் சொல்லுகிறவள் 137 வயதுக் கிழவி மங்கத்தாயாரு அம்மாள். வழியில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. பின்னால் துரத்திவருகிறார்கள். ஒரு மரம் வளைந்து கொடுத்து அவர்களைத் தாண்டவிடுகிறது. சோமனின் சங்கிலிக்கு முன்னால் குனிய மறுத்தவர் கதையையும், மனிதருக்காக மரம் குனிந்த இந்தக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் நம்ப முடியாதவைதான். ஒன்றை ராஜசபைக்காகச் சொன்னார்கள். மற்றது பேரன் பேத்திகளுக்காகச் சொன்னது. அந்த நாவலின் துவக்கத்தில், காதில் கிடந்த பாம்படத்துக்காக ஒரு கர்ப்பிணியைக் கொன்றுவிடுகிறான் ஒருவன். ஊரின் வரலாற்றை அங்கே தொடங்க ராஜநாராயணனுக்குத் தைரியம் இருந்தது. நாவலில் குறை இல்லாமல் இல்லை. கிழவி சொல்லி முடித்ததும் கதைக்கு ஒரு அலுப்பு வந்துவிடுகிறது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். இருந்தாலும் எழுதாமல் விட்டுப்போன வம்சாவளி எப்படி இருந்திருக்கும் என்று காட்டியதற்கு அதைவிட நல்ல புத்தகம் நம்மிடம் கிடையாது.

இவ்வளவையும் படித்துவிட்டு நான் நண்பரிடம் போனேன். ஆறு வயதுப் பையன் கிணறு வெட்டிய விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "அத்தையைத்தான் கேட்கணும்" என்றார்.

அவருடைய அப்பாவின் அக்கா அடையாற்றில், காந்தி நகரில், மகள் வீட்டில் இருக்கிறார். வயது எண்பத்தெட்டு. காது மந்தம். கேள்வியை நண்பர் மூன்று தரம் உரக்கக் கேட்டார். கிழவி என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"கிணறு அந்தப் பிள்ளை வெட்டினதா? யாரு சொன்னது தம்பி? அவன் ஆத்தா வெட்டுனா. ரெண்டு காதுப் பாம்படத்தையும் கழட்டி வித்து வெட்டுனா. பெறகு சாகுற வரைக்கும் மூளிக் காதோடதான் இருந்தாளாம்."

"இது ஏன் அப்பா நோட்டிலே இல்லை?"

கிழவி ஜன்னல் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ தாலி கட்டி வந்தவ இல்ல. கூட்டிட்டு வந்தவ" என்றார். பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

திரும்பும்போது நண்பர் ஆட்டோவில் பேசவே இல்லை. பனகல் பூங்கா அருகில் இறங்கும்போது மட்டும், "அப்பாவுக்கு எண்பது வயசு. கல்யாண மண்டபத்துலே சம்பந்திங்க கையிலே இந்தப் புத்தகம் இருக்கும். யோசிச்சுக்குங்க" என்றார். யோசிக்க வேண்டியவர் அவரா நானா என்று எனக்கு விளங்கவில்லை. ராஜா இல்லை, கலெக்டர் இல்லை, நிலமும் எப்போதோ விற்றாகிவிட்டது. ஜமீன் ஒழிப்புச் சட்டமே 1948-இல் வந்துவிட்டது. அப்படியும் அந்த நோட்டு இன்னும் யாருக்கோ மனுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

மற்றப் பக்கங்களின் நடையைச் சரி செய்தேன். ஐந்தாம் தலைமுறைப் பக்கத்தில் கிழவி சொன்னதை, சொன்னபடியே, பெயரோடு நான்கு வரி எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் அச்சாபீசிலிருந்து புரூஃப் வந்தது. பெரியவரே உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். அவர் கையெழுத்து எனக்குப் பழகிவிட்டது. என் நான்கு வரிகளை அடித்திருந்தார். ஆனால் மகன் கிணறு வெட்டினான் என்ற தம்முடைய பழைய வாக்கியத்தையும் திரும்ப வைக்கவில்லை. 'இக்காலத்தில் கிணறு வெட்டப்பட்டது' என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் மிகவும் சிறியதாக ஒரு பெயர். எழுதி, அழித்து, மறுபடியும் எழுதிய தடம் தெரிந்தது. அச்சுக்கோப்பவர்களுக்காக எழுதியதா, தமக்காக எழுதிக்கொண்டதா என்று தெரியவில்லை. புரூஃபை இன்னும் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.